பிடரியில் தெரியும் கை

கட்டிங் நன்றாக வந்திருக்கிறதா என்று முன்கண்ணாடியைப் பார்த்து முடிவு செய்கிறவர்களோடு எனக்கு எப்போதும் ஒத்துப்போவதில்லை. முன்பக்கத்தை எப்படியும் சமாளித்துவிடலாம். ஜெல் இருக்கிறது, சீப்பு இருக்கிறது, கையால் கோதிவிட்டாலும் ஒரு வடிவம் வந்துவிடும். பின்பக்கத்தில் அந்தச் சலுகை கிடையாது. காதுக்குப் பின்னாலிருந்து பிடரிக் குழி வரைக்குமான ஒரு சாண் இடத்தில்தான் வெட்டியவரின் கை தெரியும். பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் பிடரியைப் பார்த்தாலே போதும், கத்தரியில் இறக்கியதா, மெஷினில் வழித்ததா என்று சொல்லிவிடலாம்.

மதுரையில் நான் போகும் சலூன் அண்ணன் வேலையைத் தொடங்குவதே அங்கேதான். தலையைக் குனியவைத்து, சீப்பைக் கழுத்தோடு ஒட்டிச் சாய்வாக வைப்பார். கத்தரியின் ஒரு அலகு சீப்பின் முதுகையொட்டி அசையாமல் நிற்கும். கட்டைவிரல் மட்டும் ஆடும். சீப்பு மேலே ஏற ஏற மண்டையைவிட்டு மெல்ல விலகிக்கொண்டே போகும். அந்த விலகலில் இருக்கிறது மொத்த வித்தையும். நம் பின்மண்டை எலும்பு புடைத்திருக்கும், அதற்குக் கீழே கழுத்து சேரும் இடம் குழிந்திருக்கும். மெஷினில் இரண்டாம் நம்பர் மாட்டி ஓட்டினால் மேட்டிலும் 6 மில்லிமீட்டர், குழியிலும் 6 மில்லிமீட்டர். ஆகவே மேடும் குழியும் உள்ளது உள்ளபடி வெளியே தெரியும். அண்ணனோ மேட்டில் ஒட்டக் குறைப்பார், குழியில் கொஞ்சம் விட்டுவைப்பார். பக்கவாட்டில் பார்த்தால் உச்சியிலிருந்து கழுத்து வரை ஒரே ஓட்டமாக இறங்கும். எனக்கு நல்ல மண்டை என்று இரண்டொருவர் சொன்னதுண்டு. அது அவர் வெட்டிக் கொடுத்த மண்டை.

சீப்பை அடுத்த இடத்துக்கு நகர்த்தும்போதும் அவர் கத்தரி நிற்காது, வெறுங்காற்றில் ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்தித் தொடங்கினால் கை அழுத்தம் மாறிவிடும், படி விழுந்துவிடும் என்பார். உச்சிக்கு வந்ததும் சுழியைத்தான் முதலில் தேடுவார். இரட்டைச் சுழிக்கு ஊர் ஆயிரம் பலன் சொல்லும். அவருக்கு வேண்டியது அது எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பது மட்டும். விரலால் தடவிப் பார்த்து, அந்த இடத்தில் மட்டும் அரை விரல் நீளம் கூடுதலாக விடுவார். சுழியில் குறைத்துவிட்டால் முடி நட்டுக்கொண்டு நிற்கும். எந்த எண்ணெய்க்கும் படியாது.

இதைச் சொன்னால், அடியில் தோல் தெரிய வழித்து மேலே படிப்படியாக ஏற்றும் ஃபேடின் விரும்பிகள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஃபேடு மட்டமான வேலை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அமெரிக்கக் கறுப்பினத்து சலூன்களில் செழித்த கலை அது. சுருண்டு அடர்ந்த முடியில் கைதேர்ந்த ஒருவர் செய்த ஃபேடைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் தலைமுடி நாளுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. தோல் தெரிய வழித்த இடம் பத்து நாளில் ஒன்றாம் நம்பர் அளவைத் தாண்டிவிடும். தோலிலிருந்து கறுப்புக்கு ஏறும் அந்த நிழல்தானே ஃபேடின் அழகு, அது அதோடு போயிற்று. கத்தரியில் இறக்கியது ஒரு மாதம் ஆனாலும் வடிவம் கெடாது, அப்படியே பெரிதாகும். பின்கழுத்தில் நேர்கோடு போட்டுச் சதுரமாக நிறுத்துவதும் எனக்குப் பிடிக்காது. நாலே நாளில் கோட்டுக்குக் கீழே முள் முளைத்துவிடும். கழுத்தில் கரைந்துபோகும்படி விடுவதே அழகு.

எண்பதுகளின் ஸ்டெப் கட்டிங்கை இன்னும் நெஞ்சில் வைத்திருக்கும் நண்பர்கள் உண்டு. காதை மூடிய அந்தக் கமல் முடியின் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் என் ஓட்டு 1988இல் வந்த ‘சத்யா’வுக்கு. நீள முடிக்கே பேர்போன ஒருவர் அத்தனையையும் எடுத்துவிட்டு, ஒட்ட வெட்டிய தலையும் தாடியுமாக வந்து நின்றார். மேலே எடுத்த கனத்தைக் கீழே தாடி ஈடு கட்டியது. நெற்றியும் காதும் அதற்குமுன் அவ்வளவு துலக்கமாகத் தெரிந்ததில்லை. 2003இல் ‘காக்க காக்க’ சூர்யாவைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் போலீஸ் கட்டிங் கேட்டது. அதுவும் நல்ல வெட்டுதான். இருந்தாலும் முகத்துக்கும் முடிக்கும் கணக்கு சரியாக விழுந்தது ‘சத்யா’வில்தான்.

இந்தக் கணக்கைத்தான் இப்போது யாரும் போடுவதில்லை. உட்கார்ந்ததும் போனை நீட்டி ஒரு கிரிக்கெட்காரர் படத்தைக் காட்டுகிறார்கள். கடைப் பையனும் தலையைப் பார்க்காமல் படத்தைப் பார்த்து வெட்டுகிறான். வட்ட முகமா, பக்கத்தை ஒட்ட எடுத்து மேலே உயரம் விட வேண்டும். நீள முகமா, பக்கத்தில் கொஞ்சம் கனம் வேண்டும். உச்சியில் முடி மெலிந்தவருக்குப் பக்கத்தில் அடர்த்தி விட்டால் வழுக்கை இன்னும் எடுப்பாகத் தெரியும். கிருதா நடுக்காது தாண்டலாமா என்பது தாடை அகலத்தைப் பொறுத்தது. படத்தில் இருப்பவருக்கு இதில் எது பொருந்தியது, நமக்கு எது பொருந்தும் என்று ஒரு நிமிடம் பேசினால் போதும். பேச்சே இல்லை.

மெஷின் ஒன்றும் நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் லியோ வால் மின்சார மெஷினுக்குக் காப்புரிமை கோரியது 1919இல். நம் ஊரிலும் கை மெஷின் இருந்தது. பின்கழுத்தில் முடியைக் கவ்வி இழுக்கையில் பிள்ளைகளுக்குக் கண்ணீரே வந்துவிடும். ஆனால் அதை அடிவரிசைக்கு மட்டும்தான் தொடுவார்கள். மற்றதெல்லாம் கத்தரி. கத்தரி பிடிக்கவே மாதக்கணக்கில் கூட நின்று பழக வேண்டியிருந்தது. இன்று மெஷினில் தொடங்குகிற பையன் மெஷினிலேயே நின்றுவிடுகிறான். குறை அவனுடையது அல்ல. வெட்டிக்கொள்கிற நாம் பத்து நிமிடத்துக்கு மேல் உட்காரத் தயாராக இல்லை.

அடுத்த முறை போகும்போது போனைச் சட்டைப் பையிலேயே விடுங்கள். “பின்னாடியும் சைடும் கத்தரியிலேயே எறக்குங்கண்ணே” என்று கேளுங்கள். ஞாயிறு கூட்டத்தில் கேட்காதீர்கள், செவ்வாய் பெரும்பாலும் கடையே இருக்காது. புதனோ வியாழனோ காலையில் போங்கள், நிதானமாக வெட்டுவார். முடிந்ததும் பின்கண்ணாடி காட்டச் சொல்லிப் பாருங்கள். பிடித்திருந்தால் கூலிக்கு மேல் ஐம்பது ரூபாய் சேர்த்துக் கொடுங்கள்.