திரையரங்கில் குழந்தைகள்: தமிழ்நாட்டிலும் இலங்கையிலும்

தமிழ்நாட்டிலும் இலங்கைத் தமிழரிடையேயும் படம் பார்க்கப் போவது வீடே கிளம்பும் காரியம். கைக்குழந்தையும் கூடவே வரும். இரண்டரை மணி நேரம் இருட்டில், பெருஞ்சத்தத்துக்கு நடுவே உட்காரவைத்தால் குழந்தைக்குப் பசிக்கும், அழும், படிகளில் ஏறி இறங்கும், திரையில் நடப்பதைப் பற்றி உரக்கக் கேள்வி கேட்கும். இது எந்த ஊருக்கும் பொது. ஆனால், ஒரே படம் ஒரே நாளில் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பு வெள்ளவத்தையிலும் வெளியானாலும், அழும் குழந்தையை அரங்கு எப்படி எதிர்கொள்கிறது, பக்கத்தில் இருப்பவர் என்ன சொல்கிறார், சட்டம் எந்த இடத்தில் தலையிடுகிறது என்பவை இரு நாடுகளிலும் ஒன்றாக இல்லை. அரங்குகள் வளர்ந்த வரலாறே இந்த வேறுபாட்டுக்கு முதற்காரணம்.

தமிழகத்தில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் படக்கருவியோடு ஊர் ஊராகச் சென்று கூடாரம் அடித்துப் படம் காட்டத் தொடங்கினார். அந்த வழியில் வந்த டூரிங் டாக்கீஸில் தரை, பெஞ்ச், சேர் என்று வகுப்புகள் இருந்தன. தரையில் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று நடுவே ஒரு தடுப்பு. பெண்கள் பக்கத்தில் குழந்தையை மணலிலேயே சேலைத் துணி விரித்துத் தூங்கவைப்பார்கள். ஒரே புரொஜெக்டர் இருந்த கொட்டகைகளில் ஒவ்வொரு சுருள் முடியும்போதும் விளக்கு எரியும். முறுக்கும் சோடாவும் விற்றுக்கொண்டு பையன்கள் வருவார்கள். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் வர அந்த நேரம் போதும். அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் பிள்ளைக்காரிகள் என்பதால், ஒருத்தியின் குழந்தை சிணுங்கினால் இன்னொருத்தி வாங்கி மடியில் போட்டுக்கொள்வாள். சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் பழக்கம் தமிழ்நாட்டில் ஊன்றியதில் இந்த இட அமைப்புக்குப் பெரும்பங்கு உண்டு. மதுரையில் 1952இல் திறக்கப்பட்ட தங்கம் தியேட்டரில் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட இருக்கைகள். அத்தனை பேர் கூடிய இடத்தில் ஒரு குழந்தையின் அழுகை யார் காதிலும் தனியாக விழாது.

இலங்கையில் நகரத்துப் படமாளிகைகளே சினிமாவின் முகமாக இருந்தன. கொழும்பில் ரீகல், மஜெஸ்டிக், சவோய். யாழ்ப்பாணத்தில் வின்சர், ராணி, ராஜா, மனோகரா, லிடோ. உள்ளே கலரி, செக்கண்ட் கிளாஸ், ஓ.டி.சி., பல்கனி, பொக்ஸ் என்று இருக்கைகள் பிரிந்திருந்தன. கலரி இளைஞர்களின் இடம்; விசிலும் கூவும் அங்கிருந்துதான் எழும். பிள்ளைகளோடு வரும் குடும்பம் கையில் காசு இருந்தால் பல்கனிக்குப் போகும், இன்னும் வசதி இருந்தால் பொக்ஸுக்குப் போகும். தடுப்புக்குள் நாலைந்து இருக்கைகள் கொண்ட பொக்ஸில் குழந்தை அழுதாலும் தவழ்ந்தாலும் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. ஆக, தமிழ்நாட்டுக் கொட்டகை குழந்தையைக் கூட்டத்தின் நடுவிலேயே வைத்துக்கொண்டது; இலங்கைப் படமாளிகை காசுள்ள குடும்பத்தின் குழந்தைக்கு ஓர் ஓரத்தை ஒதுக்கிக் கொடுத்தது.

பிறகு இரு பாதைகளும் இன்னும் விலகின. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அரசு திரைப்படக் கூட்டுத்தாபனம் இலங்கையின் பட இறக்குமதியைத் தன் கையில் எடுத்துக்கொண்டதும் இந்தியப் படங்களின் வரவு சுருங்கியது. அடுத்து வந்த போர் வடக்கின் அரங்குகளை ஒவ்வொன்றாக மூடவைத்தது. 1980களில் தொலைக்காட்சிப் பெட்டி, வீடியோ டெக், ஜெனரேட்டர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து வீட்டு முற்றத்தில் விடிய விடியப் படம் போடும் வழக்கம் பரவியது. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றிக் கிடந்தபோதும் எரிபொருள் கிடைத்த இடங்களில் அது தொடர்ந்தது. முற்றத்தில் பாய் விரித்துப் பார்க்கும் படத்துக்கு அரங்க ஒழுங்கு எதுவும் தேவையில்லை. பிள்ளைகள் ஓடுவார்கள், விளையாடுவார்கள், களைத்ததும் பாயிலேயே உறங்கிப்போவார்கள். 2009க்குப் பின் யாழ்ப்பாண அரங்குகள் மறுபடி களைகட்டியபோது, அங்கே பிள்ளைகளைக் கூட்டிவந்த பெற்றோர் பலர் தம் சிறுவயதில் அரங்கில் உட்கார்ந்து பார்த்தே அறியாதவர்கள். இருட்டில் எப்படி நடந்துகொள்வது என்பதை அவர்களும் பிள்ளைகளோடு சேர்ந்தே பழக வேண்டியிருந்தது.

சட்டத்தின் பங்கு இந்தியாவில் கூடுதல். 1952ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டத்தின்படி தணிக்கை வாரியம் தரும் சான்றிதழ்தான் யார் உள்ளே வரலாம் என்பதை முடிவு செய்கிறது. ‘யு’ எல்லாருக்கும். ‘ஏ’ பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்கு மட்டும். பெற்றோர் கூட வந்தாலும் சிறுவர்களுக்கு அனுமதியில்லை. இடைப்பட்ட ‘யு/ஏ’ 1983இல் வந்தது. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்பது அப்போது அதன் பொருள். 2023இல் நிறைவேறிய திருத்தம் இந்த இடைப்பிரிவை 7, 13, 16 என்ற வயதுகளின்படி மூன்றாக வகுத்தது. இவை அறிவுரை மட்டுமே. அழைத்துப்போவதா வேண்டாமா என்ற முடிவு பெற்றோருடையது.

இந்த அறிவுரையைத் தடையாகத் திரித்தால் என்ன நடக்கும் என்பது 2023 மார்ச் 30 அன்று சென்னையில் தெரிந்தது. ‘பத்து தல’ படத்துக்கு டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் சமூகத்தினரை அரங்கு ஊழியர்கள் வாசலிலேயே நிறுத்தினர். அந்தக் காட்சி காணொளியாகப் பரவியதும், படம் ‘யு/ஏ’ என்பதால் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை அனுமதிக்கவில்லை என்று நிர்வாகம் விளக்கம் சொன்னது. சான்றிதழ் அப்படிச் சொல்லவில்லை. அதே சான்றிதழ் பெற்ற படங்களுக்கு மற்றக் குடும்பங்களின் குழந்தைகள் நாள்தோறும் போய் வருகிறார்கள். பிறகு அவர்கள் உள்ளே அனுப்பப்பட்டார்கள் என்றாலும், குழந்தையைக் காரணம் காட்டி ஏழையை வெளியே நிறுத்த முடியும் என்ற உண்மை அன்று வெட்ட வெளிச்சமானது. அரங்க ஒழுக்கம் பற்றிய எந்தப் பேச்சும் இதை மறந்துவிட்டு நடக்கக்கூடாது.

‘ஏ’ விஷயத்தில் நிலைமை வேறு. 2025 ஆகஸ்ட்டில் ரஜினிகாந்தின் ‘கூலி’ அந்தச் சான்றிதழோடு வெளியானபோது, பிள்ளைகளோடு வந்த குடும்பங்களை அரங்குகள் திருப்பி அனுப்பின. ரஜினி படம் என்றால் குழந்தைகளுக்கும் உரியது என்று பழகிய வீடுகளுக்கு அது பெரிய ஏமாற்றம். தயாரிப்பு நிறுவனம் சான்றிதழை மாற்றக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயும் பயனில்லை. தெலங்கானாவில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி முன்னே போனது. 2024 டிசம்பரில் ஐதராபாத்தில் ‘புஷ்பா 2’ சிறப்புக் காட்சி நெரிசலில் ஒரு பெண் இறந்தார், அவருடைய மகன் உயிருக்குப் போராடினான். அதன் பின், 2025 ஜனவரியில், காலை 11 மணிக்கு முன்பும் இரவு 11 மணிக்குப் பின்பும் பதினாறு வயதுக்குட்பட்டவர்களை அனுமதிக்க வேண்டாம் என்று அங்குள்ள உயர் நீதிமன்றம் சொன்னது; மார்ச்சில் அந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது.

இலங்கையில் இந்த அளவுக்கு வழக்கும் தீர்ப்பும் இல்லை. அங்கே படங்களைப் பார்த்து அனுமதி வழங்கும் சபை, 1912இல் ஆங்கிலேயர் காலத்தில் பொது நிகழ்ச்சிகளுக்காக இயற்றப்பட்ட கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்குவது. ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என்ற பிரிவு அங்கும் உண்டு. மற்றப் படங்களில் பிள்ளையை அழைத்துப்போவதா என்பதை வீடே தீர்மானிக்கிறது. அம்மம்மாவிடம் விட்டுவிட்டுப் போகலாமா, சின்னவன் குழப்படி செய்வானா என்று கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுவார்கள். கொழும்பு அரங்குகளில் படத்துக்கு முன் தேசிய கீதம் ஒலிக்க எல்லோரும் எழுந்து நிற்பது வழக்கமாக இருப்பதால், பிள்ளைகளுக்கு ஓர் ஒழுங்கு தொடக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. இந்தியாவில் 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கீதத்தைக் கட்டாயமாக்கி, 2018 ஜனவரியில் அரங்குகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது.

சத்தம் என்றாலே குற்றம் என்று தமிழ் அரங்கில் சொல்லிவிட முடியாது. முதல் நாள் முதல் காட்சியில் நாயகன் தோன்றும்போது விசில் இல்லாவிட்டால் ரசிகனுக்குப் படமே இல்லை. காகிதத் துண்டுகள் பறக்கும், திரைக்கு முன்னால் ஆட்டம் நடக்கும். 2024 ஏப்ரலில் ‘கில்லி’ மறுபடி வெளியானபோது தமிழ்நாட்டு அரங்குகள் திருவிழாவாகவே மாறின. யாழ்ப்பாணத்திலும் கட்டவுட், பாலாபிஷேகம், வெடி எல்லாம் உண்டு. அப்படிப்பட்ட காட்சிக்குக் கைக்குழந்தையைக் கொண்டுபோனால் துன்பப்படுவது குழந்தைதான். அதன் அழுகையைப் பற்றி யாரும் முறையிடப் போவதில்லை. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் விடியற்காலைக் காட்சிகள் ரசிகர்களுக்கென்றே இருந்தன; குடும்பங்கள் ஆரவாரம் அடங்கிய பிறகு வந்தன. 2023 ஜனவரியில் சென்னையில் ஒரு படத்தின் வெளியீட்டுக் கொண்டாட்டத்தில் லாரியிலிருந்து குதித்த ரசிகர் இறந்த பின் அந்தக் காட்சிகளுக்கு அனுமதி கிடைப்பதில்லை. காலை 9 மணிக் காட்சிக்கு ரசிகரும் குடும்பமும் ஒன்றாக வந்து சேர்வதால், இரு தரப்பாரும் எதிர்பார்க்கும் ஒழுங்கு மோதிக்கொள்கிறது.

முதல் வாரம் கழிந்த பிறகு, பாதி நிறைந்த அரங்கில்தான் குழந்தையின் குரல் தனித்துக் கேட்கும். அப்போது பக்கத்தில் இருப்பவர் பேசும் விதம் ஊருக்கு ஊர் மாறும். தென்மாவட்டத்து அரங்கில், “ஏம்மா, பிள்ளையக் கொஞ்சம் வெளிய தூக்கிட்டுப் போய்ட்டு வாம்மா” என்று ஒரு பெரியவர் வெளிப்படையாகவே சொல்வார்; சொன்னவரே இடைவேளையில் குழந்தைக்கு முறுக்கு நீட்டுவார். யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் ஒரு பார்வையோடு நிற்கும். அது போதாவிட்டால், “தங்கச்சி, பிள்ளையை ஒருக்கா வெளியில கொண்டுபோங்கோவன்” என்று மெல்லிய குரலில் வரும். சிறிய ஊர், பாதிப் பேர் தெரிந்தவர்கள். நாளைக்குச் சந்தையிலோ கோயிலிலோ முகம் பார்க்க வேண்டும். கொழும்பில் தமிழ்ப் படத்துக்குச் சிங்களவரும் முஸ்லிம்களும் வருவார்கள். மொழி தெரியாத பக்கத்து இருக்கைக்காரரிடம் சண்டை வளர்க்க ஒருவரும் விரும்பாததால் ஊழியரின் டோர்ச் வெளிச்சமே பேச்சுக்குப் பதிலாகிறது. யார் எப்படிச் சொன்னாலும் எழுந்து வெளியே போவது அநேகமாகத் தாய்தான். தகப்பன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு லாபியில் நடக்கும் காட்சி முன்பைவிட இப்போது தென்படுகிறது என்றாலும், கிளைமாக்ஸைப் பார்க்காமலே வீடு திரும்பும் அம்மாக்கள் இரு நாட்டிலும் ஏராளம். இது அவர்களுக்கு இழைக்கப்படும் அநியாயம். டிக்கெட்டுக்கு அவர்களும் முழு விலை கொடுத்திருக்கிறார்கள்.

மல்டிபிளெக்ஸ் வந்தபின் இந்தியாவில் குழந்தைகள் பற்றிய நடைமுறைகள் விதிகளாக எழுதப்பட்டன. மூன்று வயது நிறைந்த குழந்தைக்குத் தனி டிக்கெட் என்பது பி.வி.ஆர். போன்ற நிறுவனங்களின் நடைமுறை; அதற்குக் கீழே மடிதான் இருக்கை. வெளியுணவுத் தடை பற்றிய வழக்கில் 2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம், அரங்கு தன் விதியை வைத்துக்கொள்ளலாம், ஆனால் கைக்குழந்தைக்கு வேண்டிய அளவு உணவைப் பெற்றோர் கொண்டுவருவதைத் தடுக்கக்கூடாது, குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. இது மிக நல்ல தீர்ப்பு. அரங்கில் அழும் குழந்தைகளில் பல பசியால்தான் அழுகின்றன. கொழும்பு ‘வன் கோல் பேஸ்’ கடைத்தொகுதியில் அதே பி.வி.ஆர். அரங்கு நடத்துகிறது. யாழ்ப்பாணத்தில் 2013இல் திறந்த கார்கில்ஸ் சதுக்கத்துக்குள்ளும் சினிமா வந்தது. குளிரூட்டிய சிறிய அறைகளில் பல்கனியும் பொக்ஸும் இல்லை. ஒரு குழந்தை சிணுங்கினால் அறை முழுவதும் கேட்கும். இலங்கையின் பழைய அரங்கு தந்த ஒதுக்கிடம் இந்தப் புதிய அரங்குகளில் மறைந்துபோனது.

இடைவேளை இரு நாட்டுக்கும் கிடைத்த நல்ல ஏற்பாடு. தமிழ்ப் படத்தின் திரைக்கதையே அதை வைத்துத்தான் கட்டப்படுகிறது. பால் கொடுக்க, கழிவறைக்குக் கூட்டிப்போக, ஓடிவிளையாட விட அது உதவும். காட்சி நேரமும் முக்கியம். தமிழ்நாட்டில் இரண்டாம் ஆட்டம் நள்ளிரவைத் தாண்டும். ஆனாலும் சொந்த வண்டியில் பிள்ளைகளோடு வருபவர்கள் உண்டு. இலங்கையில் இரவுப் பேருந்து அரிது என்பதால் குடும்பங்கள் பகல் காட்சியையும் மாலைக் காட்சியையுமே நாடுகின்றன. தூக்கக் கலக்கத்தில் அழும் பிள்ளைகள் அங்கே குறைவு.

அரங்கே பொறுப்பேற்றுக்கொண்டதற்கு அருகிலுள்ள நல்ல முன்மாதிரி கேரளத்தில் இருக்கிறது. 2022இல் திருவனந்தபுரத்தின் கைரளி, ஸ்ரீ, நிளா அரங்கத் தொகுதியில் மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் குழந்தைகளுக்கென ஓர் அழுகை அறை அமைத்தது. சத்தம் வெளியேறாத கண்ணாடிச் சுவர், உள்ளே தொட்டில், அணையாடை மாற்ற இடம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் தாய் அங்கிருந்தே படத்தைத் தொடர்ந்து பார்க்கலாம். தமிழ்நாட்டு அரங்குகளுக்கும் இலங்கை அரங்குகளுக்கும் இதைச் செய்யப் பெரிய செலவில்லை. பின்வரிசையில் நாலு இருக்கைகளைக் குறைத்து ஒரு கண்ணாடித் தடுப்பும் ஒலிபெருக்கியும் வைத்தால் போதும். அதுவரை, நடைபாதையோரக் கடைசி வரிசை இருக்கைகளைக் குழந்தையோடு வருபவர்களுக்கு முதலில் கொடுப்பதும், வாரத்தில் ஒரு பகல் காட்சியை ஒலி குறைத்து, விளக்கை முழுதும் அணைக்காமல் அவர்களுக்கென நடத்துவதும் எந்த அரங்கும் உடனே செய்யக்கூடியவை.