பத்து விரலும் பதினாறு குணமும்

மனிதரை வகை பிரித்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கும்போதே தேவ கணம், மனுஷ கணம், ராட்சஸ கணம் என்று மூன்றாகப் பிரித்துவிடுகிறோம். வைத்தியர் வாத உடம்பு, பித்த உடம்பு, கப உடம்பு என்கிறார். இந்த வரிசையில் இப்போது இரண்டு புது வரவுகள். ஒன்று ஆபீஸ் வழியாக வந்தது: கேள்வித்தாளைக் கொடுத்து, நான்கு ஆங்கில எழுத்துகளால் ஆளுக்கு ஒரு குணம் சொல்லும் மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனை. அதில் மனித குலம் மொத்தமும் பதினாறு வகை. இன்னொன்று பிள்ளைகளின் படிப்பு வழியாக வந்தது: குழந்தையின் பத்து விரல் ரேகையையும் மெஷினில் எடுத்து, இவனுக்குக் கணக்கு வருமா, சங்கீதம் வருமா, டாக்டர் ஆவானா, வக்கீல் ஆவானா என்று புத்தகம் போல ரிப்போர்ட் கொடுக்கும் டி.எம்.ஐ.டி. சோதனை.

இந்த இரண்டிலும் சிலருக்கு வரும் ஆர்வத்தைப் பார்த்தால், அது வெறும் ஆர்வமா அல்லது ஒரு சாமியார் கூட்டத்தில் சேர்ந்தவரின் பற்றா என்ற சந்தேகம் எழுகிறது. ஆங்கிலத்தில் 'கல்ட்' என்பார்கள். அந்தச் சொல்லை எல்லார் மேலும் வீசுவது அழகல்ல. அதனால் நிதானமாக நிறுத்துப் பார்ப்போம்.

முதலில் ரேகை. இந்தச் சரக்கை விற்பவர்கள் கல்கத்தாவில் கடை விரிப்பதுதான் வேடிக்கை. ரேகைக் கலைக்கே இந்த வங்காள மண்தான் தொட்டில். 1858-இல் ஜங்கிபூரில் மாஜிஸ்திரேட்டாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலைச் சரக்கு சப்ளை செய்ய ஒப்பந்தம் போட்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையில் மை தடவி ஒப்பந்தத் தாளில் பதிய வைத்தார். பின்னால் 'நான் போட்ட கையெழுத்து இல்லை' என்று சொல்லிவிடக் கூடாதே என்கிற வியாபார பயம்தான் காரணம். 1897-இல் இதே கல்கத்தாவில் உலகின் முதல் விரல் ரேகை அலுவலகம் தொடங்கியது. ரேகைகளை 1,024 அறைகளாகப் பிரித்து வைக்கும் கணக்கை உருவாக்கியதில் அஜீஸுல் ஹக், ஹேம சந்திர போஸ் என்ற இரு வங்காள அதிகாரிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. பெயர் மட்டும் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போயிற்று.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இவர்கள் யாரும் ரேகையிலே குணத்தைத் தேடவில்லை. 'இவன் யார்?' என்ற கேள்விக்குத்தான் ரேகை பதில் சொன்னது. 'இவன் எப்படிப்பட்டவன்?' என்பது வேறு கேள்வி. அதையும் ஒருவர் கேட்டுப் பார்த்திருக்கிறார். பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் கலை மாணவர், விஞ்ஞான மாணவர், விவசாயக் கூலிகள், புத்தி வளர்ச்சி இல்லாதவர்கள் என்று பலரின் ரேகைகளைச் சேர்த்து ஒப்பிட்டார். ஏதாவது வித்தியாசம் தெரியும் என்று ஆசையோடு தேடியவர் அவர். 1892-இல் வெளியிட்ட நூலில், அப்படி ஒன்றும் தெரியவில்லை, பெரிய மேதையின் ரேகைக்கு ஒப்பான ரேகை பிறவியிலேயே புத்தி குன்றியவரிடமும் கிடைக்கிறது என்று நேர்மையாக எழுதிவிட்டார். அன்றைக்கே முடிந்துபோன வழக்கு இது.

டி.எம்.ஐ.டி.காரர்கள் இரண்டு நல்ல பெயர்களைக் கடன் வாங்குகிறார்கள். ஒன்று, ரேகை ஆராய்ச்சிக்கு 1926-இல் டெர்மட்டோகிளிஃபிக்ஸ் என்று பெயர் சூட்டிய ஹெரால்டு கம்மின்ஸ். சில பிறவிக் கோளாறுகளில் கை ரேகை மாறுபடுவதை மருத்துவம் ஏற்றுக்கொண்டது உண்மைதான். அதற்காக, கோளாறில்லாத குழந்தை எந்த காலேஜில் சேர வேண்டும் என்று ரேகை சொல்லுமா? இன்னொன்று, அறிவு ஒன்றல்ல, பல வகை என்று 1983-இல் எழுதிய ஹாவர்ட் கார்ட்னர். அவருடைய கொள்கைக்கும் விரல் ரேகைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2019-இல் இந்தச் சோதனைக்கு விஞ்ஞான ஆதாரம் கிடையாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. கடை மட்டும் மூடவில்லை.

அடுத்தது பதினாறு குணம். இதன் மூலக் கருத்து கார்ல் யுங் 1921-இல் எழுதிய நூலிலிருந்து வந்தது. யுங் நம் ஊருக்கும் வந்தவர். 1938 ஜனவரியில் இந்திய விஞ்ஞான காங்கிரஸின் வெள்ளி விழாவை ஒட்டி வந்து, கல்கத்தா பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் பெற்று, வயிற்றுக்கடுப்பால் இங்கே ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்திருந்தார். மனிதரைப் பெட்டி பெட்டியாகப் போட்டு லேபிள் ஒட்டுவது சிறுபிள்ளை விளையாட்டு என்று எச்சரித்தவரும் அவரேதான். ஆனால் அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் அவர் கருத்தை எடுத்து, 1940-களில் கேள்வித்தாளாக ஆக்கினார்கள். இருவரும் மனோதத்துவத்தில் முறையாகப் பயின்றவர்கள் அல்லர். அது ஒரு குற்றமில்லை. நானும் எந்தத் தமிழ்த் துறையிலும் படித்தவன் இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான மனிதர் நடுவில் நிற்கிறவர்கள்: கொஞ்சம் கலகலப்பு, கொஞ்சம் கூச்சம். நடுவிலே ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு ஒரு விரற்கடை இந்தப் பக்கம் நிற்பவரை ஒரு ஜாதி, அந்தப் பக்கம் நிற்பவரை இன்னொரு ஜாதி என்றால் என்ன ஆகும்? சில வாரம் கழித்து அதே ஆள் அதே தாளை எழுதினால் வேறு ஜாதி வருகிறது. அப்படித்தான் பலருக்கு வருகிறது.

பின்னே ஏன் படித்தவுடனே 'அப்படியே என்னைப் பத்திச் சொல்லுதே!' என்று உடம்பு சிலிர்க்கிறது? 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க ஆசிரியர் தன் மாணவர் 39 பேருக்கு ஒரு குணச் சோதனை வைத்தார். ஒரு வாரம் கழித்து ஆளுக்கு ஒரு ரிப்போர்ட் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி நான்குக்கு மேல் வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, எல்லாருக்கும் கொடுத்தது ஒரே ரிப்போர்ட். அதன் வாசகங்களைக் கடையில் விற்கும் ஜோசியப் புத்தகத்திலிருந்து பொறுக்கியிருந்தார். 'வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் கவலைப்படுகிறவர் நீங்கள்' என்றால் யார்தான் இல்லை என்பார்?

இனி நம் கேள்விக்கு வருவோம். சீனச் சிறைகளில் மூளைச் சலவைக்கு ஆளாகி வந்தவர்களை விசாரித்து, ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற மனநல மருத்துவர் 1961-இல் ஒரு நூல் எழுதினார். ஒரு கூட்டம் மனிதனின் சிந்தனையைப் பூட்டிவிடுகிறது என்பதற்கு எட்டு அடையாளங்கள் சொன்னார். அவற்றில் மூன்று இங்கே அப்படியே பொருந்துகின்றன.

ஒன்று, தனி பாஷை. பற்று முற்றியவர் மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நாலெழுத்தால் கூப்பிடுகிறார். 'அவன் அப்படித்தான் பேசுவான், அவன் டைப் அப்படி' என்றால் விசாரணை முடிந்தது. அவன் அன்றைக்கு ஏன் கோபப்பட்டான் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இரண்டு, தவறே நேராத விஞ்ஞானம். ராஷ்பிஹாரி பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம். பெண் பத்தாம் வகுப்பு, கணக்கில் நல்ல மார்க். ரேகை ரிப்போர்ட்டில் தர்க்க அறிவு குறைவு என்று வந்தது. தகப்பனார் ஆலோசகரிடம் கேட்டார். 'மார்க் உழைப்பாலே வர்றது சார், பிறவி அறிவு வேறே' என்று பதில் வந்தது. மார்க் குறைவாக இருந்திருந்தால், 'பார்த்தீங்களா, ரிப்போர்ட் சொன்னது சரி' என்றிருப்பார். தலை விழுந்தாலும் பூ விழுந்தாலும் அவருக்கே ஜெயம். இப்படி எதனாலும் பொய்யாக்க முடியாத வாக்குக்கு அருள்வாக்கு என்று பெயர்.

மூன்று, ஆளைவிடக் கொள்கை பெரிது. அந்தப் பெண் பதினோராம் வகுப்பில் கணக்கை எடுக்கவில்லை. பத்து வருஷம் போட்ட கணக்கெல்லாம் பத்து விரலின் முன் தோற்றுப்போயிற்று.

இதோடு லிஃப்டன் சொல்லாத ஒன்றை வியாபாரி என்ற முறையில் நான் சேர்த்துக்கொள்கிறேன்: படிக்கட்டு. சோதனைக்குச் சில ஆயிரம், விளக்கம் கேட்க மேற்கொண்டு கொஞ்சம், பிறகு 'நீங்களே ஏஜென்ஸி எடுக்கலாமே' என்ற அழைப்பு. வாங்கினவரே விற்பவர் ஆகும்போது சந்தேகப்பட யாருக்கு மனசு வரும்? போட்ட முதல் இருக்கிறதே! குணச் சோதனை வாசலாக இருந்து உள்ளே இழுத்த கதையும் உலகில் உண்டு. சயன்டாலஜி இயக்கத்தார் ஆக்ஸ்போர்டு பெயரில் 200 கேள்விகள் கொண்ட இலவசக் குணச் சோதனை வைத்து ஆள் சேர்த்தார்கள். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

எதிர்த் தட்டிலும் எடை போட வேண்டும். மையர்ஸ்-பிரிக்ஸ் பிரியர்களுக்குக் கும்பிட ஒரு குரு இல்லை. வீட்டை விட்டு வா என்று யாரும் சொல்வதில்லை. விட்டுப் போனால் யாரும் மிரட்டுவதும் இல்லை. சோதனையின் சொந்தக்காரர்களே, வேலைக்கு ஆள் எடுக்க இதை வைத்துக்கொள்ளாதீர்கள் என்றுதான் சொல்கிறார்கள். அதைவிட முக்கியம், கூச்ச சுபாவமுள்ள ஒரு பையன் 'உன்கிட்ட ஒரு குறையும் இல்லே, இதுவும் ஒரு வகை' என்ற வார்த்தையை வாழ்க்கையில் முதல் தடவை அந்தத் தாளிலிருந்துதான் கேட்டிருப்பான். வீட்டில் நாம் சொல்லாததை அது சொல்லியிருக்கிறது. ஆகவே ஆர்வம் எல்லாம் கூட்டப் பற்று அல்ல. லேபிள் பேச்சைத் தொடங்கி வைத்தால் அது விளையாட்டு. பேச்சை முடித்து வைத்தால் அதுதான் நாம் பயப்பட வேண்டிய இடம்.

இந்த வேறுபாடு நம் பழைய நூல்களில் தெளிவாக இருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கரை மூன்று தரமாகப் பிரிக்கிறார். அன்னமும் பசுவும் போன்றோர் தலை; மண்ணும் கிளியும் போன்றோர் இடை; ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய் வடிகட்டும் பன்னாடை போன்றோர் கடை. எல்லாமே பாடம் கேட்கும்போது கண்ணால் காணும் நடத்தை. பிறவி முத்திரை அல்ல. அதிலும் 'மண்' என்ற உவமையைப் பாருங்கள். உழுகிறவன் பாடுபட்ட அளவுக்கு விளைச்சல் தருவது மண். பழி பாதி வாத்தியார் தலையிலும் விழுகிறது! யாருக்குப் பாடம் சொல்லக் கூடாது என்ற பட்டியலில் நோயாளியையும் அதே நூல் சேர்த்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு சான்று. மனிதரை ஆறு நிறமாகப் பிரிக்கும் வழக்கம் சமணருக்கும் உண்டு, ஆசீவகருக்கும் உண்டு. கரும் பிறப்பு முதல் வெண் பிறப்பு வரை ஆசீவகர் சொன்ன ஆறையும் மணிமேகலையில் காணலாம். அவர்களுக்கு எல்லாம் நியதி. முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை. சமணர் சொல்லும் ஆறு லேசியைகளோ மாறக்கூடியவை. நாவல் மரத்தடியில் பசியோடு நின்ற ஆறு பேர் கதை நம்மில் பலர் கேட்டிருப்போம். ஒருவன் மரத்தை வேரோடு வெட்டலாம் என்றான். அடுத்தடுத்தவர் அடிமரம், கிளை, கொத்து, பழம் என்று இறங்கி வர, கடைசி ஆள் கீழே உதிர்ந்ததே போதும் என்றான். இது எண்ணத்தின் நிறம். காலையில் கறுப்பாக இருந்தவனே மாலையில் வெளுக்கலாம். நிறம் ஆறு என்பதில் இரு சாராருக்கும் சண்டை இல்லை. மாறுமா மாறாதா என்பதில்தான் சண்டை. நீலகேசி ஆசீவகரோடு வாதாடியதும் இந்த ஊழா முயற்சியா என்பதைப் பற்றித்தான். ரேகை ரிப்போர்ட் இன்று நியதிக் கட்சியில் நிற்கிறது.

முத்திரை குத்துவது சின்ன விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1871-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், சில ஜாதிகளில் பிறந்தாலே திருடன் என்று வகை பிரித்தது. தமிழ்நாட்டில் ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். ரேகை கொடுக்க மாட்டோம் என்று நின்ற உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்து பதினைந்து பேருக்கு மேல் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல்தான் ஒழிந்தது. அது அரசாங்கம் குத்திய முத்திரை. இது காசு கொடுத்து நாமே குத்திக்கொள்வது. இரண்டும் ஒரே கனம் அல்ல. ஆனாலும், பிறப்பிலேயே தீர்ந்துவிட்டது என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது.

சொந்த ஊரை விட்டு வந்திருக்கும் நமக்குப் பிள்ளைகள் படிப்பு ஒன்றுதான் முதலீடு. அந்தப் பயம்தான் இவர்களுடைய சந்தை. அதனால் சோதனைக்குப் பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த முடிவு தப்பு என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? விற்பவரைச் சேராத யார் இதைச் சோதித்தார்கள்? அடுத்த வருஷம் என் பிள்ளை மாறினால் உங்கள் தாளும் மாறுமா? மூன்றுக்கும் நேர்ப் பதில் வந்தால் தாராளமாகச் செய்யுங்கள். என் கடைத் தராசுக்கு அரசாங்க முத்திரை இல்லாவிட்டால் இன்ஸ்பெக்டர் அபராதம் போடுகிறார். பிள்ளையின் புத்தியை நிறுக்கிற தராசுக்கு யார் முத்திரை என்று கேட்பதில் என்ன தப்பு?