பரிசீலனைக்குரியது என்னும் ஷரத்து

கோவளத்தில் நண்பர்கள் சிலர் கூடிப் பாலஸ்தீனம் பற்றிப் பேசிய ஒரு மாலை. 1993இன் ஒஸ்லோ உடன்படிக்கையை நான் விளக்கிக்கொண்டிருந்தேன். யூதக் குடியேற்றங்களை எருசலேம், அகதிகள், எல்லைகள் ஆகியவற்றோடு சேர்த்து ‘இறுதிநிலைப் பேச்சு’க்கு ஒத்திவைத்த பிரதி அது. ஓரமாக உட்கார்ந்திருந்த மீனவர் ஒருவர் கேட்டார்: “பேசித் தீத்துக்கறாங்க, சரி. அதுக்குள்ள கட்டின வூடுங்கள என்னா பண்ணுவாங்க?” அன்று மேற்குக் கரையில் குடியேறியிருந்தவர்கள் சுமார் ஒரு லட்சம், இன்று கிழக்கு எருசலேமை விட்டுவிட்டே ஐந்து லட்சத்துக்கு மேல் என்றேன். அது பதிலல்ல என்று அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து நான் எடுத்துப் படித்தது ஒஸ்லோவை அல்ல. இதே கடலுக்குத் தெற்கே, நமக்கு நன்றாகத் தெரியும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிற ஈழத்து ஒப்பந்தங்களை.

1957 ஜூலையில் கையெழுத்தான பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம், குடியேற்றத் திட்டங்களில் யாருக்குக் காணி என்று தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தைப் பிராந்திய சபைகளுக்குத் தருகிறது. நம் மேடைகள் இதோடு நிறுத்திக்கொள்ளும். அதற்கடுத்த வரியை யாரும் வாசிப்பதில்லை. கல்லோயாச் சபையின் நிர்வாகத்திலுள்ள பகுதியின் நிலைமை பரிசீலனைக்குரியது என்கிறது அது. அவ்வளவுதான். கல்லோயா, தமிழில் பட்டிப்பளை ஆறு, 1949இல் தொடங்கிய மிகப் பெரிய குடியேற்றத் திட்டம்; 1956 ஜூனில் தமிழர்கள் கொல்லப்பட்ட இடம். எந்த நிலத்தால் ஒப்பந்தம் தேவைப்பட்டதோ அந்த நிலமே ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கிறது. 1958இல் பிக்குகளுக்குப் பணிந்து பண்டாரநாயக்க அதைக் கைவிட்டார் என்ற சோகக் கதையாடலையே திரும்பத் திரும்பச் சொல்லி, பிரதியை வாசிக்க மறந்துபோனோம்.

1965இன் டட்லி - செல்வா ஒப்பந்தம் முன்னுரிமை வரிசை போடுகிறது: முதலில் மாவட்டத்தின் நிலமற்றவர், அடுத்து வடகிழக்கின் தமிழ் பேசுவோர், பிறகு மற்றவர். எல்லாம் இனி கொடுக்கப்போகும் காணிக்கு. கொடுத்தாகிவிட்டதைப் பற்றி மௌனம். 1987இல் இந்தியா முன்நின்று செய்த ஒப்பந்தத்தின் வழிவந்த பதின்மூன்றாவது திருத்தம் காணியை மாகாணத்துக்குத் தந்து, அரச காணியைக் குடியரசிடமே வைத்துக்கொள்கிறது. கொள்கை வகுக்க ஒரு தேசியக் காணி ஆணைக்குழு என்றது, அது அமைக்கப்படவே இல்லை. மறுவருஷமே மணலாறு ‘வெலிஓயா’ ஆனது.

மணலாற்றில் நம் வாசிப்புக்கும் சோதனை இருக்கிறது. 1977 வன்முறையில் துரத்தப்பட்ட மலையகத் தமிழர்கள் கென்ட், டொலர் பண்ணைகளில் ஒதுங்கினார்கள். 1984இல் அவர்களை விரட்டிவிட்டுச் சிங்களக் கைதிகளையும் அவர்கள் குடும்பங்களையும் அரசு குடியமர்த்தியது. அதே நவம்பரில் புலிகள் அவர்களைக் கொன்றார்கள், பெண்டாட்டி பிள்ளைகளோடு. சிறைக்கதவு திறந்து காட்டில் கொண்டுபோய் விடப்பட்ட அந்த ஜனங்கள் நம் எழுத்தில் ‘குடியேற்றவாசிகள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் செத்துப்போனார்கள். அரசின் சொல்லை அப்படியே வாங்கி, எதிர்ப்பக்கமிருந்து பயன்படுத்தினோம், வேறென்ன?

இன்னொன்றும் உண்டு. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் அவர்களுக்குத் தந்த அவகாசம் சில மணி நேரம். அவர்களுடைய காணியும் வீடும் பற்றித் தமிழகத்தின் ஈழ ஆதரவு மேடைகளில் நான் கேட்டது சொற்பம். தர்கா இருக்கிற கோவளத்தில் உட்கார்ந்து பாலஸ்தீனம் பேசிய அன்று, நானும் அதைச் சொல்லவில்லை.