பாலையும் பிதேசியாவும்

பிரிந்த கணவனை எண்ணி மனைக்கண் வருந்தும் தலைவியைப் பாடுதல் தமிழ்ப் பாலைக்கே உரியதன்று. பீகாரின் சாரண் மாவட்டத்திற் பிறந்த பிக்காரி தாக்கூர் (1887–1971) போஜ்புரி மொழியில் இயற்றிய ‘பிதேசியா’ என்னும் நாடகமும் அப்பொருள் பற்றியதே. இரண்டும் ஒன்றெனக் கொள்ளத் தோன்றும். அது பொருந்துமா என ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் ஒற்றுமை காண்போம். அகநானூற்றின் 400 பாடல்களுள் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களும் பாலையே. அவற்றுட் பல பொருள்வயிற் பிரிவைப் பாடுவன. பிதேசியாவின் தலைவனும் பொருள் தேடிக் கல்கத்தா செல்கின்றான். அவன் மனைவி பியாரி சுந்தரி ஊரில் தனித்திருந்து, வழிப்போக்கன் ஒருவனைத் தூது விடுகின்றாள்.

வேற்றுமையோ இதனினும் பெரிது. அகத்திணைத் தலைவன், காராயினும் இளவேனிலாயினும், மீளும் பருவம் குறித்துப் பிரிதல் மரபு. அச்சொல் தலைவிக்கு ஓர் உரிமையாகின்றது. அவள் சுவரிற் கோடிட்டு நாள் எண்ணுதல் வெறும் ஏக்கமன்று. கொடுத்த சொல்லுக்கு எழுதும் கணக்கு. நாளொற்றி விரல் தேய்ந்தமையைக் குறளும் (1261) கூறும். பியாரியோ பன்னிரு திங்களையும் நிரல்படப் பாடும் பாரமாசா மரபில் நின்று புலம்புகின்றாள். பருவம் குறிக்கப் பெற்றவளுக்கு அப்பருவம் பொய்த்தலே துயர். பெறாதவளுக்குப் பன்னிரு திங்களும் துயரே.

மற்றொன்றும் நோக்கற்பாலது. பரத்தை மருதத்துக்கு உரியவள். பாலைத் தலைவன் சென்ற நாட்டில் வேறொருத்தியை நாடுவதாகப் பாடுதல் மரபன்று. பாலைப் புலவர் சுரத்தை விரித்துரைப்பர். சேரும் ஊரைப் பெரும்பாலும் காட்டார். பிதேசியா அவ்வூரையே அரங்கேற்றுகின்றது. கல்கத்தாவில் தலைவன் வேறொருத்தியோடு வாழ்கின்றான். கூலி தேடிய நெடும்பிரிவு, மருதத்தின் துயரையும் பாலையின் துயரையும் ஒருத்தியின் மேலேயே சுமத்திவிடுகின்றது.

ஆகவே இவ்விரண்டையும் ஒன்றென்றல் பொருந்தாது என்பது எம் கருத்து. இது நூலாராய்ச்சியளவில் நிற்பதன்று. இன்றும் சாரண், சிவான் பகுதி ஆடவர் வளைகுடா நாடுகளுக்குக் கூலி வேலைக்குச் செல்கின்றனர். வயலும் கடனும் முதியோரும் மக்களும் மனைவியர் பொறுப்பாகின்றன. அவர்தம் நிலையை முல்லையின் ‘இருத்தல்’ என்று பெயரிட்டுக் கற்பெனப் போற்றி அமைதல் திறனாய்வாகாது. இருத்தலைப் போற்றுவார், மீளும் பருவம் குறிக்கப்பட்டதோ என முதற்கண் வினவுதல் வேண்டும். அகத்திணை நமக்குக் கற்பிக்கும் வினாவும் அதுவே.