ஐ386 என்றொரு ஊர்ப்பெயர்

எங்கள் பக்கம் ரெட்டியபட்டி என்று மொட்டையாகச் சொன்னால் கண்டக்டர் முறைப்பார். எம்.ரெட்டியபட்டி என்று சொல்ல வேண்டும். ரெட்டியபட்டிகள் ஏகப்பட்டது; முன்னால் நிற்கும் அந்த ஒற்றை எழுத்துதான் ஆளைச் சரியான ஊரில் இறக்கிவிடும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன், சிப் வாரியாக லைப்ரரிகளைப் பிரித்து வைக்கும் மல்டிஆர்ச் டைரக்டரிகளுக்கு இட்ட பெயர்கள் எனக்குப் பிடித்துப்போனதும் இதனால்தான்.

64 பிட் லைப்ரரிகளை லிப்64 என்ற டைரக்டரியில் வைக்கும் கட்சியோடு எனக்குப் பகையில்லை. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸைக் கொண்டுவந்த காலத்தில் லினக்ஸ் பழகிய நண்பர், "சின்னப் பேரு, அடிக்கச் சுலபம், ரெட் ஹேட்டும் அதைத்தானே வச்சிருக்கான்" என்பார். வாஸ்தவம். ஆனால் 64 என்பது அளவு, பெயரல்ல. எட்டு முழம் என்றால் வேட்டியின் நீளம் தெரியும். எந்தத் தறியில் நெய்தது என்று தெரியுமா? இன்டெலும் 64, ஆர்மும் 64. விண்டோஸ் கதை இன்னும் விசேஷம்: சிஸ்டம்32க்குள் 64 பிட், சிஸ்வாவ்64க்குள் 32 பிட். பழைய புரோகிராம்களில் எழுதிவைத்த பாதை உடையக் கூடாது என்ற நியாயம் புரிகிறது. ரசனைதான் சமாதானமாக மறுக்கிறது.

என் மனசு நிற்பது 32 பிட் இன்டெல் லைப்ரரிகளுக்கான ஐ386-லினக்ஸ்-குனு டைரக்டரியில். 386 சிப் வந்தது 1985இல். பிறகு 486, 586, 686 என்று போய்விட்டது. கம்பைலரே தன்னை ஐ686 என்று சொல்லிக்கொள்கிறது. டைரக்டரியும் கூடவே ஓடியிருந்தால் ஒவ்வொரு தலைமுறைக்கும் பாதை மாறியிருக்கும். புரோகிராமும் லைப்ரரியும் பேசிக்கொள்ளும் விதமான ஏபிஐ (ABI) மாறாதபோது பெயர் எதற்கு மாற வேண்டும் என்று 386லேயே நிறுத்திவிட்டார்கள். டோலெஃப் ஃபாக் ஹீன் ஆரம்பத்தில் வரைந்து கொடுத்த மல்டிஆர்ச் திட்டத்தை, 2025இல் மறைந்த ஸ்டீவ் லாங்கசெக் போன்றவர்கள் வருஷக்கணக்கில் இழுத்துவந்து 2011இல் உபுண்டுவிலும், 2013இல் டெபியன் 7இலும் கரைசேர்த்தார்கள்.

அதன் அருமை எனக்குப் புரிந்தது திருச்சுழி ரோட்டில், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையொன்றில். அரசு மடிக்கணினியில் விண்டோஸோடு வந்த பாஸ் லினக்ஸைப் பழகி, அதன் தாய்வீடான டெபியனுக்கு வந்த பையன் அங்கே வேலை பார்த்தான். முகூர்த்த சீசன். பிரிண்டர் டிரைவரோ 32 பிட். ஃபைல் கண்ணெதிரே கிடக்க, "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்றது டெர்மினல். "அண்ணே, இங்கனதான இருக்கு?" என்று எல்எஸ் அடித்துக் காட்டினான். இல்லாதது அந்த ஃபைல் அல்ல, அதை ஏற்றி ஓட்டும் எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.2. பேக்கேஜ் மேனேஜரான டிபிகேஜியிடம் ஐ386ஐச் சேர்க்கச் சொல்லி, லிப்சி6:ஐ386 போட்டதும் பத்து நிமிஷத்தில் பத்திரிகை வெளியே வந்தது. முன்பென்றால் ஐஏ32-லிப்ஸ் என்ற பெரிய மூட்டையை இறக்கியிருக்க வேண்டும். வேண்டியதும் வேண்டாததும் ஒன்றாக.

இப்போது மூட்டைக் காலம் திரும்பிவிட்டது. ஸ்னாப், ஆப்இமேஜ் என்ற பேக்கேஜ் ஒவ்வொன்றும் தன் லைப்ரரிகளைத் தானே சுமந்து, விருந்துக்குக் கட்டுச்சோறோடு வருகிறது. பந்தியில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று யோசித்து இலை போட்டவர்களை யாருக்கும் நினைவில்லை.

2025இல் வந்த டெபியன் 13இல் 32 பிட் இன்டெலுக்கு இன்ஸ்டாலரும் கிடையாது, கெர்னலும் கிடையாது. 64 பிட் வீட்டில் ஒண்டுக்குடித்தனம் மட்டுமே. அந்த அறையின் கதவில் இன்றைக்கும் ஐ386-லினக்ஸ்-குனு என்றுதான் எழுதியிருக்கிறது.