கருவறைக்குள் போன பிறகு

மார்கழி வந்தால் எங்கள் தெருமுனையில் விடியற்காலை நாலு மணிக்கு ஒரு வேன் நிற்கும். சிவப்புச் சேலையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள், தலையில் இருமுடி. பூக்காரம்மாவும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியையும் ஒருவரையொருவர் ‘சக்தி’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். டிரைவரும் சக்திதான். திரும்பி வந்து மாலையைக் கழற்றியதும் பூக்காரம்மா மறுபடி பூக்காரம்மா ஆகிவிடுவார். மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி கோயிலைப் பற்றி எனக்குள்ள மதிப்பும் மனக்குறையும் இந்த வேனுக்குள் அடங்கிவிடும்.

முதலில் மதிப்பு. அங்கே பெண்கள் கருவறைக்குள் போய்த் தங்கள் கையாலேயே பூஜை செய்யலாம். சாதி கேட்பதில்லை. மாதவிலக்கு நாள் என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. நாள் கணக்குப் பார்க்காமல் மாலை போடுவது எத்தனை பெரிய நிம்மதி என்பதை ஆண்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். சபரிமலைக்கு எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018இல். அதற்கே கேரளம் கொந்தளித்தது. தமிழக அரசின் பயிற்சிப் பள்ளியில் பெண்கள் அர்ச்சகர் பயிற்சி முடித்தது 2023இல்தான். மருவத்தூரில் பெண்கள் கருவறைக்குள் பூஜை செய்வது பல பத்தாண்டுகளாகச் சர்வ சாதாரணம்.

கோயிலைவிடத் தெருவிலுள்ள அதன் வழிபாட்டு மன்றங்களைத்தான் நான் இன்னும் உயர்வாக நினைக்கிறேன். ஒரு மாடி அறை, அம்மன் படம், குரு பங்காரு அடிகளார் படம், தமிழிலேயே போற்றி. புரோகிதர் வர வேண்டியதில்லை. ஆடிப்பூரத்துக்குக் கஞ்சி காய்ச்ச அரிசி யாரிடம் கேட்பது, அண்டாவை எங்கே வாடகைக்கு எடுப்பது, மிச்சக் காசை என்ன செய்வது என்பதையெல்லாம் எங்கள் மன்றத்துப் பெண்களே கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். நாற்பது பக்க நோட்டில் வரவு செலவும் எழுதுகிறார்கள்.

சிக்கல் ‘அம்மா’ என்ற சொல்லில் இருக்கிறது. பக்தர்கள் ஆதிபராசக்தியையும் அம்மா என்பார்கள். பள்ளி ஆசிரியராக இருந்து அருள்வாக்கு சொல்ல வந்த பங்காரு அடிகளாரையும் அம்மா என்பார்கள். தெய்வத்தைத் தொடும் உரிமை பெண்ணுக்குக் கிடைத்தது. தெய்வமாகப் பேசும் உரிமை ஓர் ஆணிடம் இருந்தது. நம் கிராமத்து மாரியம்மன் கோயில்களில் பெண்களுக்கு அருள் வருவதும், ஊரே கைகட்டிக் கேட்பதும் புதிதல்ல என்பதை நினைத்தால் இது இன்னும் உறுத்துகிறது. ‘அம்மா சொல்லிட்டாங்க’ என்றால் மன்றத்தில் பேச்சு முடிந்தது, எதிர்க்கேள்வி கிடையாது. பூசாரியின் இடத்தைக் காலி செய்தவர்கள் குருவின் இடத்தை எட்ட முடியாத உயரத்தில் கட்டிவிட்டார்கள்.

அடிகளாருக்கு 2019இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2023 அக்டோபரில் மறைந்தபோது அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. இயக்கத்திலும், மருத்துவக் கல்லூரி வரை வளர்ந்துவிட்ட கல்வி நிறுவனங்களிலும் முக்கியப் பொறுப்புகள் அவர் குடும்பத்தாரிடம் இருக்கின்றன. மடங்களும் அறக்கட்டளைகளும் பெரும்பாலும் இப்படித்தான் என்பார்கள். இருக்கட்டும். கருவறை வாசலில் பரம்பரை உரிமையை ஒதுக்கிவைத்த இடம் என்பதால்தான் இங்கே பொறுப்பு மட்டும் ஏன் குடும்பத்துக்குள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இன்னொரு குறைக்கு மருவத்தூரை மட்டும் பொறுப்பாக்க முடியாது. மன்றத்தில் எந்த நாளும் தீபாராதனை காட்டும் ஒரு பெண், வீட்டில் அந்த மூன்று நாளும் பூஜை அறைப் பக்கம் போவதில்லை. ஏன் என்று கேட்டேன். “அது மருவத்தூர் சக்தி. இது மாமியார் வீட்டுச் சாமிங்க” என்றார், சிரித்துக்கொண்டே.

போன மார்கழியில் வேன் கிளம்பும்போது முன் சீட்டில் பூக்காரம்மா, மடியில் வசூல் நோட்டு. தலைமையாசிரியை ஜன்னலோரம் நின்று பணத்தை நீட்டினார். “என் பேரை எழுதிட்டீங்களா, சக்தி?”