காதுக்குப் பின்னால் ஒரு பரீட்சை

நரை வந்தால் நிதானம் வரும் என்பார்கள். எனக்கு அரிப்புதான் வந்தது.

அக்கா மகளுக்கு ரிசப்ஷன். முந்தின நாள் சாயங்காலம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு சலூனுக்குள் நுழைந்தேன். பெயர் வேண்டாம், அவர்களும் பிழைக்கட்டும். ஏசி, ஆளுயரக் கண்ணாடி, சுவரில் ஃப்ரேம் போட்ட சர்டிபிகேட். ‘சர்டிஃபைடு கலரிஸ்ட் சார்’ என்று ஒரு தம்பியை அறிமுகப்படுத்தினார்கள். முக்கால் மணி நேரத்தில் என் வயதில் பத்தைக் கழித்துக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் எழுந்தால் நெற்றி வீங்கி, கண் இரண்டும் கோடு மாதிரி ஆகியிருந்தது. குரோம்பேட்டை மண்டபத்தில் ராத்திரி எட்டு மணிக்குக் கூலிங் கிளாஸோடு நின்றேன். மெட்ராஸ் ஐ என்று நினைத்து சொந்தக்காரர்கள் இரண்டடி தள்ளியே மொய்க் கவரை நீட்டினார்கள்.

டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “காதுக்குப் பின்னாடி தடவிப் பார்த்தாங்களா?”

பார்க்கவில்லை.

இது டாக்டர் சொந்தமாகக் கண்டுபிடித்த கேள்வி இல்லை. 1907-ல் யூஜின் ஷுயெல்லர் என்ற பிரெஞ்சு கெமிஸ்ட் செயற்கைத் தலைச்சாயம் தயாரித்தார். பிற்பாடு லோரியல் ஆன கம்பெனி அவருடையதுதான். நிரந்தரமாக நிற்கிற கறுப்புச் சாயங்களில் பெரும்பாலும் இருப்பது பி.பி.டி. என்கிற ரசாயனம், அல்லது அதன் பங்காளி. பலருக்கு அது ஒன்றும் செய்யாது. சிலருக்கு முகத்தையே மாற்றிவிடும். ஐரோப்பாவில் தலையில் படும் கலவையில் பி.பி.டி. 2 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது. நம் நாட்டு அழகுசாதன விதிகளிலும் எச்சரிக்கை உண்டு. காதுக்குப் பின்னாலோ முன்கையின் உள்பக்கத்திலோ கொஞ்சம் தடவி, 24 மணி நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை சாயம் போடும்போதும் பார்க்க வேண்டும். இதை உள்ளூர் மொழியிலும் அச்சடித்துப் பெட்டிக்குள் வைக்கச் சொல்கிறது சட்டம். சலூனில் அந்தப் பெட்டியை நாம் எங்கே பார்க்கிறோம்? நாம் பார்ப்பது கிண்ணமும் பிரஷ்ஷும்தான்.

சரி, அந்த சர்டிபிகேட்டில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்? சேலையூர் பக்கம் தனியாகக் கடை போட்டிருக்கும் ஒரு பெண்ணிடம் கேட்டேன். அம்மாவின் செயினை அடகு வைத்து ஃபீஸ் கட்டிப் படித்தவர்.

“சாதாரணப் படிப்பு இல்ல சார்” என்றார். இல்லைதான். முடியின் நிறத்துக்கு 1 முதல் 10 வரை நம்பர். 1 கறுப்பு, 10 வெளிர் பொன். நம் ஊர்த் தலைகள் பெரும்பாலும் 1, 2, 3-லேயே நின்றுவிடும். 20 வால்யூம் டெவலப்பர் என்றால் 6 சதவிகித ஹைட்ரஜன் பெராக்சைடு. 40 என்றால் 12. கறுப்பு முடியை வெளுக்க ஆரம்பித்தால் முதலில் சிவப்பு எட்டிப்பார்க்கும், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். ஆரஞ்சை அடக்க நீலம், மஞ்சளை அடக்க ஊதா. ஏற்கெனவே உலோக உப்பு கலந்த ‘ஹென்னா’ போட்ட தலையில் பெராக்சைடு பட்டால் முடி சூடேறிப் பொரிந்துபோகும். அதற்கு ஒரு இழையில் மட்டும் போட்டுப் பார்க்கும் சோதனை தனி. நான் பி.காம். முதல் வருஷத்தில் படித்ததைவிட இது கஷ்டம்.

இந்தப் படிப்பின் மேல் எனக்கு இரண்டு குறை.

முதல் குறை, பாடம் வெள்ளைக்காரத் தலைக்கு எழுதினது. தாம்பரத்தில் பொன்னிறம் கேட்டு வருகிறவர்கள் எத்தனை பேர்? வருகிற முக்கால்வாசி என்னை மாதிரி நரை கேஸ்தான். பெயர் தெரியாத பாக்கெட் மருதாணியைப் பல வருஷம் அப்பிய தலைகள். நம் ஊர் கலரிஸ்ட்டுக்குப் பரீட்சை அங்கேதான் வைக்க வேண்டும்.

இரண்டாவது, யார் கொடுக்கிற சர்டிபிகேட் என்பது. ஐ.டி.ஐ.யில் காஸ்மெட்டாலஜி ஒரு வருஷப் படிப்பு. திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் ஹேர் ஸ்டைலிஸ்ட் படிப்பு. சலூன் செயின்களின் அகாடமி. சாயக் கம்பெனிகளே நடத்தும் பயிற்சி. எல்லாமே ‘சர்டிஃபைடு’தான். இதில் எதுவுமே இல்லாமலும் நாளைக்கே நீங்கள் பிரஷ்ஷைக் கையில் எடுக்கலாம். அமெரிக்காவில் தலையைத் தொடவே மாநில லைசென்ஸ் வேண்டும். அதற்கு மேல் விரும்புகிறவர்கள் எழுத, கலரிங்குக்கென்றே எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் வைக்கிற ஒரு போர்டும் அங்கே இருக்கிறது.

வரவுப் பக்கத்தையும் எழுத வேண்டும். முடிதிருத்தும் சமூகத்தாருக்கு நம் ஊரில் ‘மருத்துவர்’ என்று ஒரு பெயர் உண்டு. ரண வைத்தியமும் பிரசவமும் பார்த்த கைகள். அந்தக் கைகளுக்கு நாம் காகிதமும் தரவில்லை, மரியாதையும் தரவில்லை. இன்று அந்தக் குடும்பத்துப் பையனும், அந்தத் தொழிலோடு சம்பந்தமே இல்லாத வீட்டுப் பெண்ணும் ஒரே சர்டிபிகேட்டை மாட்டிக்கொண்டு ஒரே சம்பளம் கேட்கலாம். மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில், குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்கிற நிபந்தனையை எடுக்கச் சொல்லி 2024-ல் தமிழக அரசு கடிதம் எழுதியதும் இந்தக் காரணத்துக்காகத்தான். பிறப்பைக் கேட்காமல் கையைக் கேட்கிற காகிதம் நல்ல காகிதம்.

அப்படியானால் என் நெற்றி ஏன் வீங்கியது? அந்தத் தம்பிக்குப் பாடம் தெரியாமலா? எனக்கு நம்பிக்கை இல்லை. காதுக்குப் பின்னால் தடவுவது எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. ஆனால் ‘இன்னிக்கு வேணாம், நாளைக்கு வாங்க’ என்று சொன்னால் கஸ்டமர் அதே தெருவில் அடுத்த கடைக்குப் போய்விடுவார். கமிஷன் போகும், டார்கெட் போகும். பிரச்னை பாடத்தில் இல்லை, கல்லாவில் இருக்கிறது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் போய், ‘சீக்கிரம் தம்பி’ என்று நாற்காலியில் சாய்ந்த நானும் அதில் பாதிக் கூட்டாளி.

பேச்சு முடிந்து கிளம்பும்போது சேலையூர்ப் பெண்ணிடம் கேட்டேன். “நீங்களே எனக்கு நல்ல கம்பெனி கலரா ஒண்ணு போட்டு விடுங்களேன்?”

“உங்களுக்கா? ஒரு தடவை ஒத்துக்கலைன்னா அப்புறம் எப்பவுமே ஒத்துக்காது சார். நான் போட மாட்டேன்.”

கடையில் வேறு ஆளே இல்லை. அன்றைக்கு அவருக்குப் போணி ஆனதா என்றுகூடத் தெரியாது. சுவரில் இருந்த சர்டிபிகேட்டைத் திரும்ப ஒரு முறை பார்த்தேன். அதில் எழுதாத அந்த ஒரு வரிக்குத்தான் செயின் அடகில் இருக்கிறது.

நரையோடுதான் வீட்டுக்கு வந்தேன்.